கோப்பு நிற்கும் இடம்: மும்பையில் குற்றநீதிப் பயிற்சிக்குப் போகும் மாணவருக்கு

குற்றநீதித் துறையில் பயிற்சிக்குப் போகும் மாணவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு சுற்றுப்பயணம். ஒரு வாரம் காவல் நிலையம், ஒரு வாரம் நீதிமன்றம், அனுமதி கிடைத்தால் சிறைவாசல், கடைசியில் ஒரு குழந்தைகள் இல்லம். முடிவில் தடிமனான அறிக்கை ஒன்று கட்டி முடிக்கப்படும்; அதில் பாதி அந்தந்த நிறுவனத்தின் வரலாறு. இந்த அத்தியாயம் அந்த வழியை விட்டுவிடச் சொல்கிறது. நான்கு கட்டடங்களைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு வழக்குக் கோப்பை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, யார் கைபட்டால் மறுபடி நகர்கிறது என்று கடைசிவரை பின்தொடருங்கள். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குக் காகிதம் போகும் இடைவெளியில்தான் ஏழை மனிதர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் தனித்தனியாக நின்று பார்த்தால் அந்த இடைவெளி கண்ணில் படாது.

இதற்கு ஆதாரம் கணக்குகளிலேயே இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. மும்பை மத்தியச் சிறையான ஆர்தர் ரோடு ஜெயிலில் 804 பேருக்குத்தான் இடம் என்பது நெடுங்காலக் கணக்கு. அங்கே மூவாயிரத்துக்கும் மேல் அடைபட்டிருந்த ஆண்டுகள் உண்டு. நீதிபதிகள் ஜாமீன் தர மறுப்பதுதான் இதற்குக் காரணம் என்றால் அது பாதி உண்மை. 2022 நவம்பர் 26 அன்று, அரசியலமைப்பு நாள் விழாவில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஏழைக் கைதிகளைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு கணக்கெடுத்தபோது, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 5,000 பேர் என்று தெரிந்தது. அவர்களில் 2,357 பேருக்குச் சட்ட உதவி தரப்பட்டது. 1,417 பேர் விடுதலையானார்கள். இவர்களுக்காக யாரும் புதிய சட்டவாதம் எதையும் வைக்க வேண்டியிருந்திருக்காது. ஜாமீன் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே! யாராவது கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு மாணவரால் செய்யக்கூடிய வேலை இது.

எங்கே சேர்வது

சமூகப்பணி மாணவருக்கு மும்பையில் வழி ஓரளவு போடப்பட்டிருக்கிறது. செம்பூரை அடுத்த தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் களச்செயல் திட்டமான ‘பிரயாஸ்’ 1990 முதல் சிறைகளிலும் நீதிமன்றங்களிலும் விசாரணைக் கைதிகளோடு வேலை செய்கிறது. அதே நிறுவனம் 1984-இல் மும்பைக் காவல் துறையோடு சேர்ந்து தொடங்கிய பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு வன்முறைக்கு ஆளானவர்களின் பக்கம் நிற்கிறது. சட்ட மாணவர் என்றால் பார் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் பயிற்சி கட்டாயம். அதில் ஒரு பகுதியை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் கீழோ, குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்திலோ கழிக்கலாம். மான்கூர்டு குழந்தைகள் இல்லம், டோங்கிரி கண்காணிப்பு இல்லம், 1959-ஆம் ஆண்டுப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்டவர்களை வைக்கும் செம்பூர் இல்லம் ஆகியவையும் இந்தத் துறைக்குள்தான் வரும்.

இடத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். சேருமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என்னை மேற்பார்க்கப் போகும் ஆள் யார், வாரம் ஒருமுறையாவது அவர் உட்கார்ந்து பேசுவாரா? காவல் நிலையம், நீதிமன்றம், சிறை, குடும்பம் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இடங்களுக்கு இந்த அமைப்பின் வழியாக என்னால் போக முடியுமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேறு இடம் தேடுங்கள். சிறைக்குள் போக வேண்டுமானால் புனேயில் உள்ள சிறைத் துறைத் தலைமையகத்தின் அனுமதி வேண்டியிருக்கும். அது வரும்போதுதான் வரும். கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை நகல், வந்து போகும் தேதிகள் ஆகியவற்றோடு பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வராவிட்டாலும் பயிற்சி வீணாகாது. நீதிமன்றத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் கோப்பைப் பின்தொடர முடியும்.

பின்தொடரும் வரிசை

1. வழக்கை மேற்பார்வையாளரோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள். செய்தித்தாளில் வந்த வழக்கு வேண்டாம். மொபைல் திருட்டு, சின்ன அடிதடி, சிறு மோசடி போன்ற சாதாரண வழக்கு போதும். ஜாமீன் உத்தரவு வந்தும் ஆள் வெளியே வராத வழக்கு கிடைத்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. எடுத்த எடுப்பில் கேட்க வேண்டியது, இந்த ஆள்மேல் மொத்தம் எத்தனை வழக்கு என்பது. ஒன்றில் ஜாமீன் வாங்கிவிட்டு, இன்னொன்று நிலுவையில் இருப்பதே தெரியாமல் குடும்பம் சிறைவாசலில் காத்து நிற்பது அடிக்கடி நடக்கிறது.

2. எட்டுத் தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்: கைது, மாஜிஸ்திரேட் முன் ஆஜர், ரிமாண்ட், குற்றப்பத்திரிகை, ஜாமீன் மனு, ஜாமீன் உத்தரவு, ஜாமீன்தாரரை ஏற்றது, விடுதலை. தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தேதிகளுக்கு நடுவே உள்ள நாட்களை எண்ணினால் சட்டம் தானாகப் புரியத் தொடங்கும். கைதுக்கும் ஆஜருக்கும் இடையே, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. பத்தாண்டுக்குக் குறைந்த தண்டனைக் குற்றமென்றால் 60 நாளிலும், பத்தாண்டோ அதற்கு மேலோ என்றால் 90 நாளிலும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு இன்னொரு கணக்கு தருகிறது: அதிகபட்சத் தண்டனையில் பாதிக்காலம் உள்ளே இருந்துவிட்ட விசாரணைக் கைதிக்கும், இதற்கு முன் எதிலும் தண்டனை பெறாதவரானால் மூன்றில் ஒரு பங்கு இருந்துவிட்டவருக்கும் விடுதலைக்கு வழி உண்டு. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு. ஆகவே முதல்முறை மாட்டியவருக்கு ஓராண்டு என்பது முக்கியமான எல்லை. மனுப்போடும் பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர்மேல் வைக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் தடை வரும். முதல் படியில் வழக்குகளை எண்ணச் சொன்னது இதற்காகவும்தான்.

3. ரோஜ்நாமாவைப் படியுங்கள். மும்பை நீதிமன்றங்களில் ஒவ்வொரு தாரீக்கிலும், அதாவது விசாரணைத் தேதியிலும், என்ன நடந்தது என்று இரண்டு மூன்று வரியில் எழுதும் தாள் அது. பார்க்கச் சலிப்பாக இருக்கும். கோப்பிலேயே அதிகம் பேசும் தாளும் அதுதான். ‘குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜர்படுத்தப்படவில்லை’, ‘சாட்சி வரவில்லை’, ‘வழக்கறிஞர் அவகாசம் கேட்டார்’ என்று ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களை ஒரு பத்தியாக எழுதி, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், தாமதம் யாருடையது என்ற கேள்விக்கு எந்தப் பாடநூலும் தராத பதில் கிடைக்கும். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் ஈ-கோர்ட்ஸ் தளத்திலேயே அடுத்த தாரீக்கைப் பார்த்துவிடலாம். கோப்பைக் கேட்கும் வேலையை மட்டும் வழக்கறிஞர் வழியாகவே செய்யுங்கள். நீதிமன்ற ஊழியரிடம் நேரே போய் நின்றால், வாங்கிக்கொள்ளும் திட்டைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

4. பெயர்களை ஒப்பிடுங்கள். தமிழரின் வழக்குகளில் இதற்குத் தனிக் கவனம் தேவை. மகாராஷ்டிரப் படிவங்கள் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றைக் கேட்கின்றன. நம்மவருக்குப் பெரும்பாலும் இருப்பது ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். மூன்றாவது கட்டத்தை நிரப்ப ஒருவர் தந்தை பெயரை எழுதுவார், ஒருவர் சாதிப் பெயரை எழுதுவார், மற்றொருவர் ஊர்ப் பெயரை எழுதிவிடுவார். முதல் தகவல் அறிக்கையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, சிறைப் பதிவேட்டில் ஒன்று என்று மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால், உத்தரவில் உள்ளவரும் உள்ளே இருப்பவரும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் விடுதலை நாளன்று கிளம்பும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வேறுபாட்டை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

5. ஜாமீன் உத்தரவை வரி வரியாக வாசித்துவிட்டுக் குடும்பத்தைப் பாருங்கள். உத்தரவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 15,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு ஒன்றோ இரண்டோ ஜாமீன்தாரர். இதைக் கேட்கும் குடும்பம் பதினைந்தாயிரத்தைக் கட்ட வேண்டும் என்றே எடுத்துக்கொண்டு கந்துவட்டிக்காரரைத் தேடிப் போகும். அந்தத் தொகை ஒரு வாக்குறுதிதான், ஆள் வராமல் போனால்தான் கட்ட வேண்டிவரும் என்பதை வழக்கறிஞரோ மேற்பார்வையாளரோ அவர்களுக்கு விளக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான முட்டுக்கட்டை ஜாமீன்தாரரின் காகிதங்களில் இருக்கிறது. ரேஷன் அட்டை, சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று, சிலசமயம் தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்று வரை கேட்பார்கள். தாராவித் தோல் பட்டறையில் வேலை செய்து அங்கேயே படுத்துக்கொள்ளும் தொழிலாளிக்கு இவற்றில் ஒன்றுகூட இருக்காது. அவருக்காக நிற்கத் தயாரான சக தொழிலாளிக்கும் இருக்காது. ஊரில் அண்ணன் பெயரில் நிலம் இருக்கிறது என்பார்கள். வெளியூர் ஜாமீன்தாரர் கூடாது என்று தட்டிக்கழித்தால், 1978-இல் உச்ச நீதிமன்றம் மோதிராம் வழக்கில் சொன்னதை வழக்கறிஞருக்கு நினைவூட்டலாம். அந்த மனுதாரர் ஓர் ஏழைக் கொத்தனார். 10,000 ரூபாய் பிணையும், தன் மாவட்டத்து ஜாமீன்தாரரே வேண்டும் என்ற மாஜிஸ்திரேட்டின் கட்டளையும் அவரை உள்ளேயே வைத்திருந்தன. இரண்டையும் தவறென்று எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர், வேற்றூரில் கைதாகும் மலையாளியும் தமிழரும் என்ன செய்வார்கள் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார்.

6. சிறைச் சந்திப்பை, கிடைத்தால், கடைசியில் வையுங்கள். கோப்பைப் படித்துவிட்டுப் போனால், அவரைப் பழைய கதை முழுவதையும் மறுபடி சொல்ல வைக்க வேண்டியதில்லை. குற்றம் செய்தீர்களா என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவை வேறு: வழக்கறிஞர் யார், அவரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது, அடுத்த தாரீக் தெரியுமா, வீட்டில் யாருக்குத் தகவல் போயிருக்கிறது, மருந்து ஏதாவது வேண்டியிருக்கிறதா?

7. தேக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதி உரியவர் கையில் கொடுங்கள். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் காலக்கெடுக்களை வகுத்திருக்கிறது. ஜாமீன் உத்தரவு அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையச் செயலருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். விசாரணைக் கைதியின் ஜாமீனுக்காகப் பணம் தரும் ஒன்றிய அரசின் திட்டமும் 2023 முதல் இருக்கிறது. உங்கள் தாளில் மூன்று வரி போதும்: எந்தத் தேதியில் எது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை, இன்றோடு எத்தனை நாள். மனு எழுதுவதும் வாதாடுவதும் வழக்கறிஞரின் வேலை.

குறிப்பு: காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எதுவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இருக்கிறது. கட்டணமில்லா எண் 15100. இதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் தெரிந்திருப்பதால் வரும் வேலையும் வம்பும்

மும்பையின் கீழ்நிலை நீதிமன்றக் காகிதங்கள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஓடுகின்றன; முதல் தகவல் அறிக்கை மராத்தியில் இருக்கும். தாராவியில் மூன்றாம் தலைமுறையாக வாழும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய சிக்கல் இல்லை. அவன் உங்களைவிட நன்றாக மராத்தி பேசுவான். நேற்று ரயிலேறி வந்தவரும், அவரைத் தேடி வந்த தாயாரும்தான் திணறுவார்கள். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகத் தர வேண்டும், ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அது கையில் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் மிஹிர் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. மும்பையிலிருந்தே போன வழக்கு அது. ஆகவே கோப்பில் தேட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று: அந்தத் தாள் இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த மொழி தெரியுமா?

தமிழ் தெரிந்த மாணவர் என்றதும் எல்லோரும் உங்களை மொழிபெயர்ப்பாளராக்கப் பார்ப்பார்கள். அமைப்புக்குள், வழக்கறிஞருக்கும் குடும்பத்துக்கும் இடையே செய்யலாம். சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல், மரியாதைக்காக மென்மையாக்காமல் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் வாக்குமூலம் பதிவாகும்போது உதவிக்குக் கூப்பிட்டால், மேற்பார்வையாளரைக் கேட்காமல் வர முடியாது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே மொழிபெயர்த்தவர் நாளை சாட்சிக் கூண்டில் நிற்க நேரும். நீதிமன்றத்தில், நீதிபதி கேட்டால் தவிர வாய் திறக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போகும்போது உங்களை ‘வக்கீல் சார்’, ‘வக்கீலம்மா’ என்று கூப்பிடத் தொடங்குவார்கள். முதல் தடவையே திருத்துங்கள்: “நான் வக்கீல் இல்லை அண்ணாச்சி, படிக்கிற பையன். நீங்க சொல்றத வக்கீல்கிட்ட கொண்டுபோய்ச் சேர்ப்பேன், அவ்வளவுதான்.” இது அடக்கத்துக்காகச் சொல்வதில்லை. வழக்கறிஞர் அல்லாதவர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தால் வழக்கறிஞர்கள் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. இன்னொன்று, பேச்சுக்குப் பேச்சு வரும் ‘சொந்த ஊர் எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி. மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ வரும் தமிழ் மாணவர் தாராவியில் இதைக் கேட்டால், சாதி கேட்கிறார் என்றுதான் அங்கே புரியும். பலசமயம் அந்தப் புரிதல் சரியாகவும் இருக்கும். சட்ட உதவிக்குச் சாதி தேவையில்லை, காவலில் இருப்பதே போதும். சிறைப் பதிவேட்டின் சாதிப் பத்தியையே நீக்கச் சொல்லி, சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் அதைக் குறிப்பேட்டில் மீண்டும் திறக்க வேண்டாம்.

பாதுகாப்பு: உங்களுக்கும் அவருக்கும்

- எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் படித்த ஆளைப் ‘பஞ்ச்’சாக, அதாவது பஞ்சநாமாவுக்குச் சாட்சியாக, போட்டுவிடுவது எளிது. பிறகு வேறு ஊரில் வேலையில் இருக்கும்போது சம்மன் வரும். ஜாமீன்தாரராகவும் நிற்காதீர்கள்.

- சிறைக்கு உள்ளேயோ வெளியேயோ எதையும் கடத்தாதீர்கள். சீட்டு, பணம், பீடி, ‘வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி’ உட்பட. அந்த ஒரு வார்த்தை சாட்சியை மிரட்டும் குறிப்பாகவும் இருக்கலாம். தகவல் சொல்ல வேண்டுமானால் மேற்பார்வையாளர் வழியாகச் சொல்லுங்கள்.

- சொந்தத் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் தராதீர்கள். அமைப்பின் எண்ணைக் கொடுங்கள். வீட்டுச் சந்திப்புக்குத் தனியாகவோ இருட்டிய பிறகோ போகாதீர்கள். ஒரே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் குடும்பத்தையும் புகார்தாரரையும் நீங்களே சந்திக்காதீர்கள்.

- கோப்பைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண் எழுதுங்கள். சிறுவர் வழக்கில் அடையாளம் வெளிப்பட்டால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இரகசியம். ‘நீங்க சொல்றது என்னைத் தாண்டிப் போகாது’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றும் சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிட வைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு வழக்கறிஞரின் எழுத்தருக்கும் பணியாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நீள்கிறது. தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மாணவர் அந்தப் பட்டியலில் இல்லை. குற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்டறிந்ததைச் சொல்லச் சொல்லி நீதிமன்றம் அழைத்தால் போய்த்தான் ஆக வேண்டும். அதோடு, ஒரு குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி எவரும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். மாணவர் என்பது விலக்கில்லை. எனவே பேச்சைத் தொடங்கும்போதே எல்லையைச் சொல்லிவிடுங்கள்: வழக்கின் சம்பவத்தைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம், அதை வழக்கறிஞரிடம் பேசுங்கள், உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் என்னால் மறைக்க முடியாது. காவலில் அடித்தார்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்ன சொற்களையே தேதி, நேரத்தோடு எழுதி அன்றே மேற்பார்வையாளரிடம் சேருங்கள். நீங்களே காவல் நிலையத்துக்குப் போய் நியாயம் கேட்காதீர்கள். அந்தக் கோபத்தின் விலையை உள்ளே இருப்பவர்தான் கொடுப்பார்.

இந்த வழிமீது சொல்லப்படும் குறைகள்

முதல் குறை, இது குமாஸ்தா வேலை, சட்டமோ சமூகப்பணியோ இல்லை என்பது. மும்பையின் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைப் பேட்டி கண்டார். காவல் நிலைய லாக்கப்பில் தங்களை அடித்ததாக ஐந்து பேர் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதத்தை மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், உண்மையைக் கண்டறிய அனுப்பியது மும்பை நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் இயக்குநரை. அவர் சிறைக்குப் போய்ப் பெண்களிடம் பேசி அறிக்கை கொடுத்தார். 1983 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர் முன்னிலையில்தான் விசாரணை, கைதானவுடன் சட்ட உதவிக் குழுவுக்குத் தகவல் என்று கட்டளையிட்டது. பேட்டி எடுத்தல், எண்ணுதல், எழுதுதல், உரியவர் கையில் சேர்த்தல் எனும் நான்கு வேலைகளிலிருந்துதான் அந்தச் சட்டம் பிறந்தது.

இரண்டாவது குறைக்கு எடை அதிகம்: ஒரே வழக்கை வைத்து அமைப்பு முழுவதையும் எடைபோட முடியுமா? முடியாது. அறிக்கையில் ‘மும்பையில் இப்படித்தான் நடக்கிறது’ என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பதுதான் நியாயம். ஒரு வழக்கு தருவது கேள்விகளை. ஒத்திவைப்புக்கான காரணங்களை ஒரு ரோஜ்நாமாவில் எண்ணியவருக்கு, நூறு வழக்கில் எதை எண்ண வேண்டும் என்று தெரியும். எண்ணத் தெரியாமல் நூறு வழக்கைப் புரட்டுபவருக்குப் பட்டியல்தான் மிஞ்சும்.

பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவரையே சுற்றிவருகிறீர்கள் என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. இதை எளிதாகத் தள்ளக் கூடாது. அதே கோப்பில் புகார்தாரரின் பக்கத்தையும் படியுங்கள். திருட்டுப்போன மொபைல் மீட்கப்பட்டும், முத்தேமால், அதாவது வழக்குச் சொத்து, என்ற சீட்டோடு காவல் நிலைய அலமாரியில் கிடக்கும். அதைத் திரும்பப் பெற மனுப்போட வேண்டும் என்று உரியவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். தெரிவித்த சான்று கோப்பில் இருக்கிறதா பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை உள்ளே நிறுத்தும் அதே தேக்கம், புகார்தாரரின் சாட்சியத்தையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறது. இரு தரப்பையும் நீங்களே சந்திக்க வேண்டியதில்லை. காகிதத்தில் இருவரும் இருக்கிறார்கள்.

முடிக்கும்போது

அறிக்கையைச் சுருக்கமாக எழுதுங்கள். எட்டுத் தேதிகள் கொண்ட தாள், ஒத்திவைப்புப் பட்டியல், தேக்கத்தைப் பற்றிய ஒரு பக்கம், அதற்கு என்ன நடந்தது என்ற ஒரு பக்கம் இருந்தால் போதும். நிறுவன வரலாற்றைத் தேர்வாளர் வேறெங்காவது படித்துக்கொள்வார்.

அறிக்கையைவிட முக்கியம் ஒப்படைப்பு. உங்கள் பயிற்சி முடியும் நாளில் வழக்கு முடிந்திருக்காது. கடைசி வாரத்தில், அடுத்த தாரீக் என்ன, எந்த நீதிமன்றம், எந்த வழக்கறிஞர், எந்தக் காகிதம் பாக்கி என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். இனி யாரைக் கேட்க வேண்டும் என்பதைக் குடும்பத்தினரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சான்றிதழை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.